நாப்பத்திமூணு

என் மகனுக்கு நாங்கள் வைத்த பெயர் வேறு. பள்ளியில் அவன் பெயர் 'நாப்பத்திமூணு'.

2024 ஜூலையில், அவன் ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தபோது, பள்ளியில் மருத்துவ முகாம் நடந்தது. வகுப்பு வாசலில் எடை மெஷினை வைத்து, பிள்ளைகளை ரோல் நம்பர்படி நிறுத்தி ஒவ்வொருவராக ஏற்றியிருக்கிறார்கள். முகாமுக்கு வந்த பெண் எண்ணைச் சத்தமாகச் சொல்ல, மேசையில் உட்கார்ந்திருந்த மிஸ் எழுதிக்கொண்டிருந்தார். இருபத்தொன்பது, முப்பது, இருபத்தேழு என்று போய்க்கொண்டிருந்த வரிசையில் திடீரென்று "நாப்பத்திமூணு!" கடைசி பெஞ்சிலிருந்து யாரோ விசிலடித்தார்களாம். மத்தியானத்துக்குள் பெயர் ஒட்டிக்கொண்டது.

இதையெல்லாம் அவன் என்னிடம் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் டிபன் பாக்ஸைத் திறந்து பார்ப்பது என் அம்மாவின் உத்தியோகம். இரண்டு நாள் அது வைத்தது வைத்தபடி திரும்பி வந்தது. "ஏன்யா, அப்பத்தா வச்ச புளிசாதம் புடிக்கலயா?" என்று கேட்டதற்கு வயிற்றுவலி என்றான். மூன்றாம் நாள், அதே வேனில் போகும் பக்கத்து வீட்டுப் பெண் சொல்லித்தான் விஷயம் வெளியே வந்தது. எல்லோர் முன்னாலும் சாப்பிட்டால் சிரிப்பார்கள் என்று அவன் டப்பாவைத் திறக்கவே இல்லை.

அந்த வார வெள்ளிக்கிழமை மருத்துவ அட்டை வீட்டுக்கு வந்தது. உயரம் 138 செ.மீ., எடை 43 கிலோ, பிஎம்ஐ (உயரத்துக்கு எடை சரியா என்று பார்க்கிற எண்) 22.6. பக்கத்தில் ரப்பர் ஸ்டாம்பு: 'நார்மல்'. எனக்கு ஒன்றும் புரியவில்லை. அன்று இரவு பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் ஒரே புலம்பல். "என் பொண்ணுக்கு அண்டர்வெயிட்னு போட்டிருக்காங்க", "எங்க பையனுக்கும்", "எங்களுக்கும்". என் மகனின் சிநேகிதன் ஒருவன் எங்கள் வீட்டுக்கு வந்தால் ஆறு தோசைக்குக் குறையாமல் சாப்பிடுவான், மரத்துக்கு மரம் தாவுவான். 135 செ.மீ., 29 கிலோ. அவனுக்கும் 'அண்டர்வெயிட்'. ஒரு அம்மா மால்ட் பவுடர் டப்பா ஒன்றைப் படமெடுத்துப் போட்டு, "இது நல்லா வெயிட் ஏத்துதுப்பா" என்று எழுதினார். அதற்குப் பதினேழு கட்டைவிரல்.

நான் டாக்டர் இல்லை. இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் எண்களோடு காலம் தள்ளுகிறவன். ஒரு வகுப்பே இளைத்துப் போயிருக்கிறது, கொழுகொழுவென்று இருக்கிற ஒருவன் மட்டும் சரியாக இருக்கிறான் என்று ஒரு கணக்கு சொன்னால், தப்பு பிள்ளைகளிடம் இல்லை, கணக்கில் இருக்கிறது என்று மட்டும் தெரிந்தது.

வழக்கமாகப் போகும் குழந்தைகள் டாக்டரிடம் அட்டையைக் காட்டினேன். பார்த்துவிட்டுச் சிரித்தார். பெரியவர்களுக்கான அளவுகோலை எடுத்துப் பிள்ளைகளுக்குப் போட்டிருக்கிறார்கள். பெரியவர்களுக்கு 18.5 முதல் 25 வரை சரி என்பது பழைய கணக்கு. பத்து வயதுப் பிள்ளைக்குப் பதினாறை ஒட்டி இருப்பதுதான் இயல்பு. பிள்ளைகளின் பிஎம்ஐ நிலையாக நிற்காது. கைக்குழந்தையில் ஏறி, ஐந்தாறு வயதில் இறங்கி, அப்புறம் மெல்ல ஏறும். ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறு வேறு. அதனால் ஒற்றை எண்ணை வைத்து எதுவும் சொல்ல முடியாது. வயதுக்கு ஏற்ற வளர்ச்சி வரைபடத்தில் புள்ளி வைத்துத்தான் பார்க்க வேண்டும். இந்தியக் குழந்தைகள் மருத்துவச் சங்கம் 2015இல் நம் பிள்ளைகளுக்கென்று வெளியிட்ட வரைபடத்தை எடுத்துக் காட்டினார். அதில் மேலே இரண்டு தனிக் கோடுகள். ஒன்று, வளர்ந்தபின் பிஎம்ஐ 23 ஆகப் போகிற பாதை. அதைத் தாண்டினால் அதிக எடை. இன்னொன்று 27. அதைத் தாண்டினால் உடல் பருமன். வெள்ளைக்காரர்களுக்கு 25, 30 என்று இருப்பது நமக்கு ஏன் 23, 27 என்றால், அதே எடையில் நம் உடம்பில் கொழுப்பு அதிகம், தசை குறைவு. சர்க்கரை நமக்குச் சீக்கிரம் வருவதற்கு அதுவும் ஒரு காரணம்.

என் மகனின் புள்ளியை வைத்தார். மேல்கோட்டுக்கும் மேலே விழுந்தது.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அவரே, "பயப்படாதீங்க சார். எடையைக் குறைக்கணும்னு வீட்ல பேச்சே எடுக்காதீங்க. எடை இங்கயே நிக்கட்டும், உயரம் வளரட்டும். ரெண்டு வருஷத்துல புள்ளி தானா கீழ வரும். பட்டினி போட்டீங்கன்னா என்கிட்டதான் திரும்பி வருவீங்க" என்றார்.

அந்த வரைபடத்தின் நகலை எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போனேன். சண்டை போடும் எண்ணத்தில்தான் போனேன். பிரின்சிபால் பொறுமையாகக் கேட்டார். தவறு நடந்திருக்கிறது என்று ஒப்புக்கொண்டார். காபி கொடுத்தார். பிறகு, "இவ்வளவு அக்கறையா இருக்கீங்க, கேண்டீன் கமிட்டியில பெற்றோர் தரப்புல ஒரு இடம் காலியா இருக்கு சார்" என்றார். குறை சொல்லப் போனவன் தலையில் வேலையைக் கட்டுவது ஒரு நிர்வாகக் கலை.

நான் படித்தது உசிலம்பட்டிப் பக்கம் ஒரு ஊராட்சி ஒன்றியப் பள்ளி. என் தலைமுறைக்குப் பள்ளியில் எடை பார்ப்பது என்றால் யார் ஒல்லி என்று கண்டுபிடிக்க. குண்டாக ஒருவன் இருந்தால் அவன் மில்காரர் வீட்டுப் பிள்ளையாக இருப்பான். காமராஜர் 1956இல் ஆரம்பித்த மதிய உணவை எம்.ஜி.ஆர். 1982 ஜூலை முதல் தேதி சத்துணவாக விரித்தார். நான் பள்ளியில் சேர்ந்தது அந்த ஜூன். முதல் மாதம் சேர்ந்து அழுதேன், இரண்டாம் மாதத்திலிருந்து அழவில்லை என்று அம்மா இன்றைக்கும் சொல்வாள். தாழ்வாரத்தில் இரண்டு வரிசை. அலுமினியத் தட்டு வீட்டிலிருந்து கொண்டுபோக வேண்டும். ஆயா வாளியோடு வந்து சோற்றைப் போட்டுவிட்டுப் போவார், பின்னாலேயே சாம்பார் வரும். மில்காரர் மகனும் அந்த வரிசையில்தான் உட்கார்ந்தான், அவன் வீட்டில் மூன்று வேளை சமையல் நடந்தாலும். எல்லோரும் உட்கார்ந்ததால் யாருக்கும் அது கஞ்சித்தொட்டி ஆகவில்லை. 1989இல் கலைஞர் ஆட்சியில் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை வந்தது. அந்த முட்டையைச் சாப்பிடாமல் டவுசர் பையில் வைத்துத் தங்கச்சிக்குக் கொண்டுபோனவர்கள் உண்டு. பையிலேயே உடைத்து அடி வாங்கியவர்களும் உண்டு. 2010க்குப் பிறகு வாரம் ஐந்து முட்டை. 2022 செப்டம்பர் 15 அன்று எங்கள் மதுரையில்தான் காலை உணவுத் திட்டமும் ஆரம்பித்தது. உப்புமா, கிச்சடி, பொங்கல், கூடவே காய்கறி போட்ட சாம்பார். ரவையும் அரிசியும் கொஞ்சம் தூக்கல்தான், சிறுதானியமும் பயறும் இன்னும் வரலாம். ஆனால் எட்டு மணிக்கு வயிறு நிறைந்த பிள்ளை பத்தரை மணிக்குப் பத்து ரூபாய் பாக்கெட்டைத் தேடி ஓடாது. அதுவும் ஒரு பருமன் தடுப்புத் திட்டம்தான். பெயர்தான் அப்படி இல்லை.

சென்னையில் டாக்டர் மோகனின் நீரிழிவு ஆய்வு மையம் 51 பள்ளிகளில் கிட்டத்தட்ட 19,000 பிள்ளைகளை அளந்து 2014இல் ஒரு ஆய்வை வெளியிட்டது. தனியார் பள்ளிகளில் அதிக எடையும் பருமனும் சேர்த்து 21.4 சதவீதம். அரசுப் பள்ளிகளில் 3.6. நான் என் மகனை எவ்வளவு பீஸ் கட்டி எந்தப் பக்கத்துக்கு மாற்றியிருக்கிறேன் என்று அதைப் படித்த அன்று யோசித்தேன். அரசுப் பள்ளிப் பிள்ளைகள் எல்லாம் அளவாகச் சாப்பிட்டு ஆரோக்கியமாக இருந்தார்கள் என்றும் இதற்கு அர்த்தமில்லை, பலருக்கு அளவுக்கே சாப்பாடு இல்லாமலும் இருந்திருக்கும். ஆனால் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று தெரிகிறது. 2025 செப்டம்பரில் யுனிசெஃப் சொன்னது: உலகத்தில் 5 முதல் 19 வயதுப் பிள்ளைகளில் எடை குறைந்தவர்கள் 9.2 சதவீதம், பருமனானவர்கள் 9.4. முதல் முறையாகத் தராசு அந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது.

கமிட்டியின் முதல் கூட்டத்தில் ஒரு அப்பா எழுந்து, "சிங்கப்பூர்ல பண்ண மாதிரி பண்ணணும் சார். குண்டா இருக்கிற பசங்களைத் தனியாப் பிரிச்சு, காலைல அரை மணி நேரம் ஓட விடணும்" என்றார். அவர் அங்கே நான்கு வருடம் வேலை பார்த்தவர். சரி என்று நானும் வீட்டுக்கு வந்து அதைப் பற்றிப் படித்தேன்.

நிஜம்தான். சிங்கப்பூர்க் கல்வி அமைச்சு 1992இல் 'டிரிம் அண்ட் ஃபிட்' என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. எடை கூடிய மாணவர்களைக் கண்டுபிடித்து, தனிக் குழுவாக்கி, கூடுதல் உடற்பயிற்சி. பல பள்ளிகளில் அது இடைவேளையிலேயே நடந்தது, மற்றவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது. எண்ணாகப் பார்த்தால் வெற்றிதான். 14 சதவீதத்தில் இருந்த பருமன் சுமார் 10 சதவீதத்துக்கு இறங்கியது. உலகத்தில் அவ்வளவு இறக்கிக் காட்டியவர்கள் அதிகம் பேர் இல்லை. ஆனால் திட்டத்தின் சுருக்கப் பெயர் 'டாஃப்'. ஆங்கில எழுத்துகள் மூன்று, திருப்பிப் போட்டால் 'ஃபாட்', அதாவது குண்டு. பெரிய அதிகாரிகள் உட்கார்ந்து யோசித்து வைத்த பெயரைப் பிள்ளைகள் திருப்பிப் படிக்க ஒரு இடைவேளை போதும். கேலி, ஒதுக்கல், சாப்பாட்டைக் கண்டாலே பயம் என்று பெற்றோரும் மருத்துவர்களும் சொல்ல ஆரம்பித்து, 2007இல் அதைக் கைவிட்டு, எல்லா மாணவர்களுக்கும் பொதுவான திட்டத்துக்கு மாறினார்கள்.

நான் அடுத்த கூட்டத்தில் இதைச் சொன்னேன். கூடவே டப்பாவைத் திறக்காத கதையையும் சொன்னேன், யார் பிள்ளை என்று சொல்லாமல். எல்லோருக்கும் தெரிந்திருந்தது என்பது அவர்கள் மேசையைப் பார்த்த விதத்தில் புரிந்தது. பந்தியில் உட்கார்ந்தவனை எழுப்பக் கூடாது என்பார்கள். பசிக்கு நாம் நடத்திய திட்டத்தில் யாரையும் எழுப்பவில்லை, எல்லோரையும் உட்கார வைத்தோம். பருமனுக்கு மட்டும் ஏன் ஒருவனைக் கையைப் பிடித்து எழுப்ப வேண்டும்? மாற்றுவதென்றால் பந்தியை மாற்றுவோம் என்றேன். கொஞ்சம் வசனம் மாதிரிதான் இருந்தது, ஆனால் எடுபட்டது.

பந்தியை மாற்றுவது என்றால் என்ன என்பது கேண்டீனில் போய் நின்றபோதுதான் தெரிந்தது.

மைதானத்தின் ஓரத்தில் தகரக் கூரை போட்ட கேண்டீன். நடத்துபவர் ஒரு கான்ட்ராக்டர், எங்கள் வயதுதான், நான் அண்ணே என்று கூப்பிடுவேன், அவரும் என்னை அண்ணே என்பார். பப்ஸ், சமோசா, கிரீம் பன், சிப்ஸ் பாக்கெட், மாம்பழ ஜூஸ் டப்பா. "சுண்டல் போடலாமே அண்ணே" என்று நான் ஆரம்பித்ததும் அவர் சிரித்தார். உள்ளே கூட்டிப்போய் உட்கார வைத்துக் கணக்குச் சொன்னார். நானும் கணக்குப் பிள்ளை என்று தெரிந்துகொண்டிருப்பார் போல.

"பப்ஸ் காலைல பேக்கரி வண்டில வந்துரும். விக்காதத சாயங்காலம் அவனே எடுத்துக்குவான். சிப்ஸ் கெடவே கெடாது. கத்தரிக்கோல்கூட வேண்டாம், புள்ளைகளே பல்லால கிழிச்சுக்கும். சுண்டல்னா முந்தின நாள் ஊறப்போடணும், விடிய எந்திரிச்சு வேகவைக்கணும், கேஸ் செலவு, ஒரு ஆளு. மழை பெஞ்சு பாதிப் புள்ளை வரலன்னா மிச்சத்த யாரு எடுப்பா? நீங்க எடுப்பீங்களா? மாசம் பொறந்தா வாடகை மட்டும் குறையாது."

இவ்வளவுதான் விஷயம். விழிப்புணர்வுச் சுவரொட்டி ஒட்டுகிறவர்கள் யாரும் எனக்கு இதைச் சொன்னதில்லை. பப்ஸ் திரும்பிப் போகும், சுண்டல் திரும்பிப் போகாது. பள்ளிக்கூடத்துக் கேண்டீனில் என்ன கிடைக்கும் என்பதை முடிவு செய்வது ஊட்டச்சத்து நிபுணர் இல்லை, மிச்சம் யார் தலையில் விழுகிறது என்பதுதான்.

மூன்று கூட்டம் ஆனது. கடைசியில் பள்ளி நிர்வாகம் ஒரு பருவத்துக்கு வாடகையைப் பாதியாக்கியது. பதிலுக்கு வாரம் நான்கு நாள் சுண்டலோ அவித்த கடலையோ பயறோ போட வேண்டும், பொரித்தது ஒரு நாள் மட்டும், பாக்கெட் ஜூஸ் கிடையாது. முதல் நாள் கொண்டைக்கடலைச் சுண்டல். பாதிக்கு மேல் மிச்சம். கான்ட்ராக்டர் என்னைப் பார்த்த பார்வையை மறக்க மாட்டேன். நானும் ஒரு கை அள்ளி வாயில் போட்டேன். உப்பு கம்மி, காரம் இல்லை, ஆஸ்பத்திரிச் சாப்பாடு மாதிரி இருந்தது. 'ஹெல்த்தி' என்று சொல்லிவிட்டதால் ருசி கூடாது என்று நினைத்துவிட்டார்கள்.

அதைச் சரிசெய்தது அவர் மனைவி. அடுத்த வாரம் பட்டாணிச் சுண்டலில் தேங்காய்ப் பல், பொடியாக நறுக்கிய மாங்காய், கறிவேப்பிலை, வரமிளகாய் தாளிப்பு. முக்கியமாக, தட்டில் போடாமல் காகிதத்தைக் கூம்பாகச் சுருட்டிக் கொடுத்தார்கள் (அச்சடித்த பேப்பர் வேண்டாம் என்று நான் சொல்லி, வெள்ளைத் தாள்). மெரினா சுண்டல் மாதிரி. தட்டு என்றால் உட்கார்ந்து சாப்பிட வேண்டும், கூம்பு என்றால் ஓடிக்கொண்டே சாப்பிடலாம். பத்தே நிமிடத்தில் அண்டா காலி. எட்டாம் வகுப்புப் பையன்கள் வந்து, "எங்களுக்கு ஏன் எடுத்து வைக்கல?" என்று சண்டை போட்டார்கள். கான்ட்ராக்டர் அன்று எனக்குக் காசு வாங்காமல் டீ கொடுத்தார்.

தண்ணீர்க் கதை சின்னது, ஆனால் எனக்குப் பிடித்தது. பிள்ளைகள் ஜூஸ் வாங்குவதற்குக் காரணம் ஜூஸ் ஆசை மட்டும் இல்லை. குடிதண்ணீர்க் குழாய் கழிப்பறைச் சுவரை ஒட்டி இருந்தது, வெயில் காலத்தில் தண்ணீர் கொதிக்கும். ஜெர்மனியில் டார்ட்மண்ட், எசன் ஆகிய இரண்டு நகரங்களில், வசதி குறைந்த பகுதிப் பள்ளிகளில் தண்ணீர் இயந்திரம் வைத்து, தண்ணீரைப் பற்றி நான்கு பாடம் நடத்தி ஒரு கல்வியாண்டு பார்த்திருக்கிறார்கள். வைக்காத பள்ளிகளோடு ஒப்பிட்டால், பிள்ளைகள் அதிக எடைக்குப் போகும் வாய்ப்பு 31 சதவீதம் குறைந்ததாக 2009இல் ஆய்வு வெளியானது. யாரையும் எடை பார்த்துத் தனியாக நிறுத்தவில்லை. நாங்கள் இயந்திரம் எல்லாம் வாங்கவில்லை. மைதானத்துப் பக்கம் இரண்டு குழாய், மானாமதுரையிலிருந்து குழாய் வைத்த மண்பானை ஆறு. இரண்டு பானை முதல் மாதமே பந்து பட்டு உடைந்தது. மிச்சம் இருக்கிறது.

ஓடியாடுவதற்கு வருவோம். 5 முதல் 17 வயதுப் பிள்ளைகள் தினம் 60 நிமிடமாவது மூச்சு வாங்க ஓடியாட வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். எங்கள் பள்ளியில் வாரத்துக்கு இரண்டு பி.டி. பீரியட். அதில் ஒன்றைக் கணக்கு மிஸ் கடன் வாங்குவார், திருப்பித் தந்ததாக வரலாறு இல்லை. மைதானத்தில் பாதி இடத்தில் பள்ளிப் பேருந்துகள் நிற்கும். மீதிப் பாதியில் நன்றாக ஆடத் தெரிந்தவர்கள் ஆடுவார்கள். என் மகனை எப்போதும் கோல் கீப்பராக நிறுத்துவார்கள், அல்லது ஸ்கோர் எழுதச் சொல்வார்கள். யாருக்கு ஓட்டம் அதிகம் தேவையோ அவன் கையில் நோட்டைக் கொடுத்து உட்கார வைப்பதுதான் நம் விளையாட்டுக் கல்வி.

ஸ்காட்லாந்தில் ஸ்டர்லிங் ஊரில் எலைன் வைலி என்ற தலைமையாசிரியை 2012இல் ஆரம்பித்த பழக்கம் ஒன்று இருக்கிறது, 'டெய்லி மைல்' என்பார்கள். தினம் பதினைந்து நிமிடம், வகுப்பு மொத்தமும் சீருடையிலேயே வெளியே போய் நடக்கலாம், ஓடலாம். போட்டி இல்லை, உபகரணம் இல்லை. இதை நான் சொன்னதும் பி.டி. சார்தான் முதலில் பிடித்துக்கொண்டார். "சார், ஓட்டம்னு மட்டும் பேர் வைக்காதீங்க. ஓட்டம்னா முன்னாடி மூணு பேர் ஓடுவான், மத்தவன்லாம் வேடிக்கை பார்ப்பான். நடைன்னு சொல்லுங்க, எல்லாரும் வருவான்" என்றார். இருபது வருடம் விசில் ஊதியவரின் அனுபவம். பேருந்துகளைச் சுற்றி, காம்பவுண்டுச் சுவரை ஒட்டி, லேப்புக்குப் பின்னால் வேப்பமரத்தைத் தொட்டுவிட்டுத் திரும்புகிற மாதிரி ஒரு தடம் போட்டார். எத்தனை சுற்று என்று யாரும் எண்ணக் கூடாது என்பது ஒன்றே விதி. பிள்ளைகள் பேசிக்கொண்டே போவார்கள். பேச்சு சுவாரசியமானால் கால் தானாக வேகமாகும். நவம்பரில் மழை, டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு, பிப்ரவரியில் 'போர்ஷன் முடியல' என்று நின்று நின்றுதான் நடந்தது. வருடத்தில் பாதி நாள் நடந்திருந்தால் அதிகம்.

வாசலுக்கு வெளியே நாங்கள் தோற்றோம். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு விதிப்படி, கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களைப் பள்ளி வளாகத்திலும் வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாது, விளம்பரமும் கூடாது. பிரின்சிபால் இதை வாட்ச்மேனிடம் சொல்லியிருக்கிறார். வாட்ச்மேன் அண்ணன் உடனே போய், தரையில் சாக்கு விரித்து மாங்காய்க் கீற்றும் கொய்யாவும் நெல்லிக்காயும் விற்ற பாட்டியை விரட்டிவிட்டார். சாலைக்கு எதிரே, நான் காலடி வைத்து எண்ணியதில் முப்பது மீட்டர்கூட வராத கடையில் சிப்ஸ் சரம் சரமாகத் தொங்கியது, தொங்குகிறது, கடைக்கு மேலே கோலா கம்பெனி போட்டுக் கொடுத்த பெயர்ப் பலகை. "அது கடைங்க சார், ஷட்டர் போட்டிருக்கான்" என்றார் வாட்ச்மேன். ஷட்டர் உள்ளவனுக்கு ஒரு சட்டம், சாக்கு உள்ளவளுக்கு ஒரு சட்டம். பாட்டியைத் திரும்ப உட்கார வைக்க முடிந்தது. எதிர்க்கடையை ஒன்றும் செய்ய முடியவில்லை. மனு கொடுத்திருக்கிறோம்.

ஒரு வருடம் இப்படிப் போனது. நடுவில் ஒரு நாள் மனம் சோர்ந்து போனேன், ஒரு ஆய்வைப் படித்துவிட்டு. இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் பக்கம் ஐம்பதுக்கும் மேற்பட்ட தொடக்கப் பள்ளிகளை எடுத்துக்கொண்டு, அவற்றில் சுமார் பாதியில் ஒரு வருடம் முழுக்கத் திட்டம் நடத்தி, மீதிப் பள்ளிகளோடு ஒப்பிட்டிருக்கிறார்கள். தினம் கூடுதலாக அரை மணி நேரம் உடலசைவு, பெற்றோருக்குச் சமையல் வகுப்பு, பிரபல கால்பந்து கிளப்போடு சேர்ந்து நிகழ்ச்சி, எல்லாம். 2018இல் முடிவு வந்தது: பிள்ளைகளின் எடையில் சொல்லிக்கொள்கிற மாதிரி மாற்றம் எதுவும் இல்லை. கான்ட்ராக்டரிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால் மறுநாளே பப்ஸ் வண்டி வந்து நிற்கும்.

ஆனால் அது நியாயமான முடிவுதான் என்று அப்புறம் தோன்றியது. பிள்ளை பள்ளியில் இருப்பது ஏழு மணி நேரம். நாலரைக்கு வந்ததும் டியூஷன், அது முடிந்தால் மொபைல், ஞாயிற்றுக்கிழமை பரோட்டா, உறவினர் யார் வந்தாலும் கையில் ஸ்வீட் பெட்டி. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாவது சுற்றில் தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதம், ஆண்களில் 37 சதவீதம் அதிக எடை அல்லது பருமன். அந்த 37இல் நானும் ஒருவன். மகனின் கேண்டீனைத் திருத்தக் கிளம்பியவனின் பைக்கில் இரவு பத்து மணிக்கு ஜிகர்தண்டா பார்சல் தொங்கும். பள்ளி நிறுத்திய தண்ணீரை வீடு வேறு வழியாகத் திறந்துவிட்டால் வாய்க்கால் எப்படி வற்றும்?

வீட்டுக்குள் மாற்றம் வந்தது என்னால் இல்லை. 2025 மே மாதம் சிபிஎஸ்இ, தன் பள்ளிகள் எல்லாம் 'சுகர் போர்டு' (எந்தப் பண்டத்தில் எவ்வளவு சர்க்கரை என்று காட்டும் பலகை) வைக்க வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டது. 4 முதல் 10 வயதுப் பிள்ளைகள் ஒரு நாளில் உண்ணும் கலோரியில் 13 சதவீதம், 11 முதல் 18 வயதினர் உண்பதில் 15 சதவீதம் சர்க்கரையிலிருந்து வருகிறதாம். இருக்க வேண்டியது 5. எனக்குப் பலகைகளில் நம்பிக்கை கிடையாது. நம் பள்ளிகளில் 'மரம் வளர்ப்போம்' பலகை வெட்டிய மரத்தில் தொங்கும். ஆனால் எங்கள் சயின்ஸ் மிஸ் அதை அச்சடித்து வாங்காமல் பிள்ளைகளையே செய்யச் சொன்னார். ஒவ்வொரு பண்டத்தின் லேபிளையும் படித்து, அதில் இருக்கிற சீனியைத் தராசில் நிறுத்து, சின்ன பாலிதீன் கவரில் போட்டுக் குத்த வேண்டும். என் மகன் குழுவுக்கு வந்தது 250 மில்லி கோலா. 25 கிராமுக்கு மேல் சீனி. கவரைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு நம்ப முடியாமல் மறுபடி நிறுத்தானாம்.

அன்று சாயங்காலம் வீட்டில் லேபிள் வேட்டை. ஊறுகாய், சாஸ், பிஸ்கெட், கடைசியில் மேல் ஷெல்பில் இருந்த மால்ட் டப்பா. முந்தின வருடம் அந்த வாட்ஸ்அப் படத்தைப் பார்த்து என் அம்மாவும் ஒன்று வாங்க வைத்திருந்தாள். 'நார்மல்' பேரனுக்கே.

"அப்பத்தா, நூறு கிராம்ல முப்பத்திரெண்டு கிராம் சீனி."

"அது சத்து மாவுடா."

"மூணுல ஒரு பங்கு சீனி அப்பத்தா. தராசு கொண்டாரவா?"

"எங்க காலத்துல கருப்பட்டி போட்டுக் குடிக்கல? நாங்க என்ன குண்டாவா போனோம்?"

"நீங்க தண்ணி தூக்குனீங்க."

என் அம்மா பதில் சொல்லவில்லை. பேச்சில் அவளை யாரும் மடக்கி நான் பார்த்ததில்லை. மறுநாள் டப்பா வேலைக்காரம்மா கைக்குப் போய்விட்டது. அவர் வீட்டிலும் ஒரு பிள்ளை இருக்கிறது என்பது எனக்கு இரண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது.

2025 ஜூலையில் மறுபடி மருத்துவ முகாம். கமிட்டி சார்பில் நான் இரண்டு விஷயம் கேட்டிருந்தேன். பிள்ளைகளுக்கான வரைபடத்தில் பார்க்க வேண்டும், எண்ணை வாய்விட்டுச் சொல்லக் கூடாது. ஆண்டு விழா மேடையின் சிவப்புத் திரையை எடுத்து நூலகத்தில் குறுக்கே கட்டினார்கள். ஒவ்வொருவராக உள்ளே போய், ஏறி, இறங்கி, ஒட்டிய கவரோடு வெளியே வர வேண்டும். கவர் பெற்றோருக்கு. ஒரு வருடத்தில் என் மகன் ஏழு சென்டிமீட்டர் வளர்ந்திருந்தான், அது எனக்குத் தெரியும், சுவரில் பென்சில் கோடு போட்டு வைத்திருக்கிறேன். எடை தெரியாது.

வீட்டுக்கு வந்து கவரை மேசையில் வைத்துவிட்டுச் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தான். "எவ்வளவுடா?" என்றேன், சும்மா கேட்கிற மாதிரி.

"சொல்ல மாட்டேன். அது அவங்கவங்க சொந்த விஷயம்னு மிஸ் சொன்னாங்க."

"கவர் எனக்குத்தானடா."

"அப்ப நீங்க பாத்துக்கங்க. என்னையக் கேக்காதீங்க."

கீழே தெருவில் பந்து சுவரில் படும் சத்தம். "டேய் நாப்பத்திமூணு, வர்றியா இல்லையா?" என்று ஒரு குரல். அவன் செருப்பைக்கூடப் போடாமல் படியில் இறங்கி ஓடினான்.